ஏழு வீட்டுச் சேலை

அந்த வருடம் மழையைக் கொண்டுவந்தது நான்தான் என்று எங்கள் ஊரில் இன்னும் சொல்கிறார்கள். பால் ஊற்றுமிடத்திலோ கல்யாணப் பந்தியிலோ யாராவது ஒருத்தி புது மருமகளிடம் என்னைக் காட்டி, "இந்தக்கா வாயத் தொறந்தாங்க, வானந் தொறந்துது" என்பாள். நானும் சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொள்வேன். மழையைக் கொண்டுவந்தேனோ இல்லையோ, ஒருத்தியை ஊரைவிட்டு ஓட்டினேன். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு மேற்கே, கேரளத்துக்குள் இருக்கிறது எங்கள் ஊர். கேரளம் என்றாலே குடையும் பச்சையும்தான் என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கம் ஒரு நடை வந்து பார்க்க வேண்டும். பாலக்காட்டில் கொட்டோ கொட்டென்று கொட்டுகிற நாளில் இங்கே புழுதி பறக்கும். தெற்கே மலைமேல் மேகம் கருத்து நிற்பதைக் கண்ணாரப் பார்க்கலாம். கணவாய்க் காற்று அதை எங்கள் தலைக்கு மேலேயே தள்ளிக்கொண்டு போவதையும் பார்க்கலாம். நனையத்தான் முடியாது.

இப்படிப்பட்ட ஊரில் ஆளுக்கொரு மழைக் கணக்கு வைத்திருப்பார்கள். என் வீட்டுக்காரருக்குக் காற்றாலைகள் மேல் கோபம். "அந்த எறக்கயெல்லாஞ் சேந்துதான் மேகத்த வெரட்டி உடுது" என்பார். காற்று வருகிற இடம் பார்த்துத்தானே அதை நட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் காதில் ஏறாது. கொஞ்ச நாள் கழித்து செல்போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து, "ஏ புள்ள, வெமானத்துல போயி மேகத்துல உப்பத் தூவுறாங்களாம். தூவுன எடத்துலயே மழ பேஞ்சுருமாமா" என்றார்.

"அது எந்த ஊருக்குப் போற மேகமுங்க?" என்று கேட்டேன். "நாம இங்கயே புடிச்சு எறக்கிட்டா, அக்கட்டால காத்திருக்கறவன் என்ன பண்ணுவான்?"

"உனக்கு எல்லாத்துலயும் குறுக்குக் கேள்விதான்" என்று எழுந்து போய்விட்டார். எனக்குக் கேள்வி கேட்கத் தெரியும், வாய் அப்படி. அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்ளத்தான் தெரியவில்லை.

விமானம் எங்களிடம் ஏது? எங்களிடம் இருந்தது கொடும்பாவி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மழை பொய்த்துப்போனால், ஊரில் ஏதோ ஒரு பெரும்பாவி இருக்கிறாள், அவளால்தான் வானம் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று ஒரு நம்பிக்கை. வைக்கோலில் ஒரு பெண் உருவம் கட்டி, சட்டியில் முகம் எழுதி, சேலை உடுத்தி, கயிறு போட்டுத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போவார்கள். பின்னால் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்போம். ஊர்க்கோடியில் கொண்டுபோய் எரித்துவிட்டால் பாவி தொலைந்தாள், மழை வரும். ஏன் பாவி எப்போதும் பொம்பளையாகவே இருக்கிறாள் என்று நான் கேட்டதில்லை. ஒப்பாரியில் முன்வரிசை என்னுடையது. அந்தப் பெருமையில் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கொடும்பாவிக்கு ஒரே வீட்டுச் சேலையை உடுத்தக் கூடாது. ஏழு வீட்டில் ஏழு கிழிசல் வாங்கி, ஒட்டுப்போட்டுத் தைத்துத்தான் உடுத்த வேண்டும். ஏழு வீடும் வெவ்வேறு தெருவாக இருக்க வேண்டும். எதற்கென்று யாரும் விளக்கியதில்லை, எனக்கும் அது ஒரு வீண் வேலையாகத்தான் பட்டது. கோடையில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கந்தல் கேட்பது என்ன சாதாரணப்பட்ட காரியமா?

அந்த வறட்சியில் எங்கள் கிணறு மாசியிலேயே வற்றிவிட்டது. போர் போட்டுப் பார்த்தோம், புகைதான் வந்தது. தென்னை மட்டைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் குரும்பையை உதிர்த்தது. இரண்டு மாடுகளை விற்றுத் தாட்டிவிட்டோம். வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள் விடுவார்கள் என்று வில்லேஜ் ஆபீசுக்கு நடந்ததில் செருப்புத்தான் தேய்ந்தது.

அப்போது எங்கள் வரிசையில் தண்ணீர் இருந்த கிணறு ஒன்றே ஒன்றுதான். அது பக்கத்து வீட்டுக்காரியுடையது. என்னைவிடப் பத்து வயது சின்னவள். தாராபுரம் பக்கம் கட்டிக்கொடுத்து, அங்கே அடி தாங்க முடியாமல், பெற்றோர் காலமான பின் பூட்டிக் கிடந்த பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். பிள்ளை குட்டி இல்லை. முன்னறையில் ஒரு தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்தாள். ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் ரவிக்கை அவள் கையில்தான். கழுத்து அளவு கண்ணாலேயே எடுப்பாள். அவள் தைத்த ரவிக்கையை நான் பிரித்துத் தைக்கச் சொன்னதே கிடையாது.

அவள் வீட்டுக் கிணறு பாறைக்கு நடுவே வெட்டியது. ஆழமில்லாவிட்டாலும் ஏதோ ஒரு இடுக்கிலிருந்து கசிந்துகொண்டே இருந்தது. அவள் நினைத்திருந்தால் கேட்டைப் பூட்டியிருக்கலாம். காலையில் கதவைத் திறந்துபோட்டு, வீட்டுக்கு நான்கு குடம் என்று எல்லோருக்கும் விட்டாள். எனக்கு மட்டும் எட்டு. "உங்கூட்டுல கன்னுக்குட்டி இருக்குதுங்களே அக்கா" என்பாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். தண்ணீர் கொடுத்தவளை நான் நினைத்த நினைப்பு இருக்கிறதே, எழுதவே கூசுகிறது. மூன்று ஏக்கர் தோப்புக்காரி, காலையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு தையல்காரி வாசலில் நிற்கிறேனே என்று ஒவ்வொரு நாளும் எரிந்தேன். அவள் சிரித்தால் ஏளனமாகப் பட்டது. சிரிக்காவிட்டால் திமிராகப் பட்டது. புருஷனை விட்டு வந்தவளுக்குச் சாமி ஊற்றைக் கொடுத்திருக்கிறது, ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிற எனக்குப் புகையைக் கொடுத்திருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த எட்டுக் குடத்தில் காய்ச்சிய காப்பியைக் குடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

சித்திரை கடைசியில் கொடும்பாவி இழுப்பதென்று ஊர் கூடி முடிவானது. சேலைப் பொறுப்பு என்னுடையது. நானா ஏழு தெரு ஏறுவேன்? நேரே பக்கத்து வீட்டுக்குத்தான் போனேன். தையல்காரி வீட்டில் எல்லா வீட்டு வெட்டுத்துணியும் கிடக்கும், ஏழு துண்டைப் பொறுக்கித் தைத்துக் கொடுத்துவிடுவாள் என்று கணக்கு. போன நேரம் அவள் ஒரு கல்யாண ஆர்டரில் கழுத்தளவு மூழ்கியிருந்தாள். மறுநாள் முகூர்த்தம்.

"இன்னிக்குப் பொழுதுக்குள்ள ஆவாதுங்கக்கா" என்றவள், சற்று யோசித்து உள்ளே போய் ஒரு சேலையை எடுத்து வந்தாள். கிளிப்பச்சையில் மாம்பழ நிறக் கரை. எந்த விசேஷத்துக்கும் அதைத்தான் உடுத்துவாள். தெருமுனையில் பச்சை தெரிந்தாலே அவள் வருகிறாள் என்று ஊருக்கே தெரியும். முந்தானைப் பக்கம் கிழிந்துபோயிருந்தது. "இத வெச்சுக்கோங்கக்கா. மழ வந்தாச் செரிதானுங்களே."

ஒரு வீட்டுச் சேலை ஆகாது என்று எனக்குத் தெரியும். இந்தச் சேலையை எல்லோருக்கும் அடையாளம் தெரியும் என்பதும் தெரியும். "செரி அம்முணி" என்று வாங்கிக்கொண்டேன். சோம்பல் பாதி. மீதிப் பாதி என்ன என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் சத்தியம் பண்ணி மறுத்திருப்பேன். இன்றைக்குச் சொல்கிறேன், வைக்கோல் பொம்மைக்கு அந்தப் பச்சையைச் சுற்றும்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. பொம்மையைப் பிள்ளையார் கோயிலடியிலிருந்து இழுத்தார்கள். பச்சைச் சேலையைப் பார்த்ததும் பெண்களுக்குள் ஒரு கிசுகிசுப்பு ஓடியது. "ஏனுங்கக்கா, இது..." என்று ஒருத்தி ஆரம்பித்தாள். நான் காதில் வாங்காமல் ஒப்பாரியைத் தொடங்கினேன். வழக்கமாகப் பொதுப்பாவங்களைத்தான் அடுக்குவோம். அளவில் குறைத்தவள், கன்றுக்கு விடாமல் கறந்தவள், பசித்து வந்தவனைத் துரத்தியவள், இப்படி. நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டாவது தெரு திரும்பும்போது பச்சை முந்தானை மண்ணில் புரண்டது. என் நாக்கும் புரண்டது.

"கட்டுனவன ஊட்ட உட்டு
கால் மாத்தி வந்தவளே
ஊரெல்லாங் கெணறு வத்த
ஒனக்கு மட்டும் ஊத்தேதடி"

கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பு கேட்டால் நிற்கிற ஆளா நான்? இன்னும் இரண்டு அடி கட்டினேன், அவள் ஊசியையும் நூலையும் பாட்டுக்குள் இழுத்தேன். மூன்றாவது தெருவுக்கு மேல் சிரிப்பு நின்றுபோனது. எல்லோரும் நிஜமாகவே மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். வறட்சி அத்தனை பேரையும் அப்படி அரித்து வைத்திருந்தது. எனக்கும் கண்ணீர் வந்தது. ஒருவர் செல்போனில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டே வந்தார். குளத்து வெடிப்பில் போட்டு எரித்தபோது சேலை குப்பென்று பிடித்தது.

பொழுது சாய இடி இடித்தது. முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஊற்றியது பாருங்கள், அப்படியொரு மழையை என் வயதுக்கு நான் கண்டதில்லை. வாசலில் நின்று நனைந்தேன். வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோப்புக்குள் ஓடினார். பக்கத்து வீட்டுத் திண்டில் அவளும் நின்று கையை நீட்டி நனைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்து, "பேஞ்சிருச்சுங்கக்கா!" என்று கத்தினாள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். கோடை மழை அந்தப் பக்கம் வாரம் முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தது என்பதும், பக்கத்து ஊரில் கொடும்பாவியே இழுக்காமல் எங்களைவிட அதிகம் பெய்தது என்பதும் பிறகு தெரிந்தது. யார் கேட்கப்போகிறார்கள்? ஊர்க் குரூப்பில் அந்த வீடியோ அன்றே சுற்றியது. பச்சைச் சேலை எரிகிறது, என் குரல் கேட்கிறது, அடுத்ததாக மழை. இரண்டையும் ஒட்டிப் போட்டிருந்தார்கள்.

பெய்யாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதை எங்கள் ஊரில் நின்று வாய்விட்டுச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனாலும் சொல்கிறேன். அன்று பெய்யாதிருந்தால் என் பாட்டு ஒரு கெட்ட கேலியாக அன்றைக்கே செத்திருக்கும். பெய்ததால் அது உண்மையாகிவிட்டது.

முதலில் வெறும் சிரிப்புப் பேச்சுத்தான். "உஞ் சேலைக்கு அவ்வளவு சக்தியா அம்முணி" என்று அவளிடமே கேட்டார்கள். அவளும் சிரித்தாள். பிறகு சீமந்தத்துக்கு வளையல் போட அவளைக் கூப்பிடவில்லை. பிறகு முகூர்த்த ரவிக்கைகள் அவளிடம் போவது நின்றது. பழைய துணிக்கு ஓரம் அடிக்க, பாவாடைக்கு நாடா கோக்க மட்டும் கொடுத்தார்கள். யாரும் சண்டை போடவில்லை, ஒரு சுடுசொல் சொல்லவில்லை. "கொழிஞ்சாம்பாறையில புதுசா ஒரு கடை வந்துருக்குதுங்க" என்பார்கள், அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊர் வாயைத் திறக்காமலே முடித்துவிட்டது.

நான் என்ன செய்தேன்? தை மாதம் என் தங்கை மகள் கல்யாணம். ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போனேன். தங்கை வீட்டார் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பஸ்ஸுக்கு நின்றபோது அவள் பார்த்துவிட்டாள். பையைப் பார்த்தாள். "போயிட்டு வாங்கக்கா" என்றாள். அந்தச் சமயத்திலும் நான் அவள் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் கூட்டத்தில் நின்று, "அது நான் கட்டுன பாட்டு, எரிச்சல்ல கட்டுனது, சாமி சொன்னதில்ல" என்று சொல்லியிருந்தால் போதும். மழை கொண்டுவந்தவள் என்ற பேர் போய்விடுமே. அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த கோடையும் வறண்டது. வைகாசி பிறந்தும் ஒரு துளி இல்லை. ஐந்தாறு பெண்கள் என் வீட்டுக்கு வந்து, என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்கள். அவ்வளவு மரியாதையாகப் பேசினார்கள். "தப்பா நெனைக்காத கண்ணு. போன தடவ உஞ் சேலைக்குத்தான் பேஞ்சுது. ஒரு பழசு இருந்தாக் குடு. ஊருக்கே புண்ணியமாப் போவும்."

அவள் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மற்றவர்களைப் பார்க்கவில்லை. நான் சுவரில் தொங்கிய அளவு நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு எடுத்து வெக்கறனுங்க" என்றாள்.

விடிந்து போனபோது கதவு பூட்டியிருந்தது. மிஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாளாம். கிணற்று மோட்டார் ரூமின் சாவியை எங்கள் மாட்டுக்கொட்டாய் ஆணியில் மாட்டியிருந்தாள். கன்றுக்குட்டி இப்போது பெரிதாகியிருந்தது, அதற்குத் தண்ணீர் வேண்டுமே என்று நினைத்திருப்பாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர், "நீயென்ன பண்ணுவ புள்ள, ஊரு பேசுனதுக்கு" என்றார். அவர் நல்ல மனுஷன். அந்த நாலு அடியை வேண்டுமென்றேதான் கட்டினேன் என்று அவரிடம் நான் சொன்னதில்லை.

அந்த வருடம் சேலையுமில்லாமல் கொடும்பாவியுமில்லாமல் ஆனியில் மழை தானாக வந்தது. அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அவள் மூணாற்றில் தூரத்து உறவு ஒருவர் வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. எஸ்டேட் பெண்களுக்குச் சட்டை, ஓட்டல் ஆட்களுக்கு யூனிஃபாரம் என்று ஒரு கடையில் தைக்கிறாள். போக வேண்டும், போய்க் காலில் விழ வேண்டும் என்று வருடக்கணக்காக நினைத்துக்கொண்டே இருந்தேன். நினைப்புக்கு என்ன, பஸ் டிக்கெட்டா கேட்கிறது?

இந்தக் கோடையில்தான் போனேன். அதுவும் நானாகப் போகவில்லை. மறுபடியும் மழை இல்லை, மறுபடியும் கொடும்பாவி. "உங்களுக்குத்தானுங்கக்கா அவகூட நல்ல பழக்கம். ஒரு நட போயி, பழைய சேலை ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க" என்றார்கள். சீ, இதென்ன கேவலம் என்று சத்தம் போட்டிருக்க வேண்டும். நான் அதற்குள் ஒரு கணக்குப் போட்டேன். இந்தச் சாக்கில் அவளைப் பார்த்துவிடலாம். சேலையைக் கேட்காமல் மன்னிப்பைக் கேட்டுவிட்டு வரலாம். சரி என்றேன்.

உடுமலை, மறையூர் வழியாகப் பஸ். மறையூர் தாண்டி ஏற ஏறத் தேயிலை, குளிர், பிறகு தூறல். எங்கள் ஊரில் ஒரு சொட்டுக்குப் பொம்மை கொளுத்துகிறோம், இங்கே ரோட்டோரம் வீணாக ஓடுகிறது. மூணாறு பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது நன்றாகவே பெய்தது. என்னிடம் குடை இல்லை, எங்கள் ஊரில் எதற்குக் குடை?

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் நான்கு மிஷின்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். நரைத்திருந்தாள். ஸ்வெட்டர் போட்டிருந்தாள். நான் ஈரத்தோடு வாசலில் நின்றதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். துண்டு கொடுத்துத் துவட்டச் சொன்னாள். கீழே சொல்லி டீ வரவழைத்தாள். நான் ஒரு வாய் குடித்து, பேச்சைத் தொடங்குவதற்குள் அவளே கேட்டாள்.

"ஊர்ல மழையில்லீங்களாக்கா? சேலைக்கு வந்தீங்களா?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவள் பாட்டுக்கு ஓரத்திலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த ஒரு ஊதாச் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் அம்முணி" என்றேன். அழுகை வந்துவிட்டது. "சேலைக்குன்னுதான் தாட்டியுட்டாங்க. நா அதுக்கு வரல. அன்னிக்குப் பாடுனது பூராவும் எரிச்சல். ஏழு வீட்டுத் துணி தைக்கோணும்னு தெரியும். தெரிஞ்சுதான் உன்ற சேலையக் கட்டுனேன். உந்தண்ணியக் குடிச்சுட்டு உன்னையவே..."

"தெரியுமுங்கக்கா" என்றாள். "முகூர்த்த ரவிக்கையக் குடுத்துட்டு, கல்யாணத்துல சாப்ட்டுட்டு வந்தனுங்களா, ரெண்டாந் தெரு முக்குல நின்னுதான் பாத்துட்டு இருந்தன். மொதல்ல எல்லாருஞ் சிரிக்கறாங்களேன்னு நானுஞ் சிரிச்சனுங்க."

பக்கத்து மிஷின்காரி எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். நான் அதைப் பொருட்படுத்தாமல் இவளிடம் கெஞ்சினேன். ஊருக்கு வா, வீட்டைத் திறந்து வை, நான் நாலு பேர் முன்னால் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே தூறல் நிற்கவே இல்லை.

"இங்க மழ பேஞ்சாலும் பேயாட்டியும் எம்மூஞ்சிய யாரும் பாக்கறதில்லீங்கக்கா" என்றாள். "அது ஒண்ணு போதுமுங்க."

நான் கிளம்பும்போது ஒரு முடிவோடு கிளம்பினேன். "இந்தத் தடவ எஞ் சேலையக் கட்டி இழுக்கறேன். எம்பேரச் சொல்லியே பாடறேன்" என்றேன். அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். பஸ் ஏற்றிவிட வந்தவள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உங்க சேலைக்குப் பேஞ்சுதுன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்கக்கா. மறந்தறாதீங்க" என்றாள். ஊர் நினைப்பில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சொன்னபடி செய்தேன். என் அரக்குச் சேலை, மகன் முதல் சம்பளத்தில் எடுத்துக்கொடுத்தது, அதையே பொம்மைக்குச் சுற்றினேன். பெண்கள் பதறினார்கள். "அவ குடுக்கலீங்களா?" என்றார்கள். "அவளெதுக்குக் குடுக்கோணும்? பாவி நாந்தான்" என்று கத்தினேன். தெருத்தெருவாக என் பாவத்தை நானே பாடினேன். குடித்த தண்ணீருக்குத் துரோகம் பண்ணியவளே, பொய்ப் பாட்டுக் கட்டியவளே, பொள்ளாச்சிக்கு ரவிக்கை கொண்டுபோனவளே என்று தொண்டை கிழியப் பாடினேன். எல்லோரும் அழுதார்கள். முடிந்ததும் ஒருத்தி என் கையைப் பிடித்து, "இந்தத் தடவ பாட்டு அருமையா இருந்துச்சுங்கக்கா" என்றாள்.

மழை வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பால் ஊற்றப் போனபோது பேசிக்கொண்டிருந்தார்கள், என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. "இந்தக்கா என்ன பாவம் பண்ணுனாங்க, இவுங்க சேலைக்கு வாரதுக்கு? அவ சேலையா இருந்திருந்தா அன்னிக்கே பேஞ்சிருக்குமுங்க."

அந்த இடத்தில்தான் எனக்கு ஏழு வீட்டுக் கணக்கு புரிந்தது. ஏழு வீட்டுத் துணி என்றால் பெய்தாலும் யார் பேரும் இல்லை, பெய்யாவிட்டாலும் யார் பேரும் இல்லை. முதல் தடவை சோம்பலும் எரிச்சலுமாக அதை மீறினேன். இரண்டாம் தடவை நல்லவளாக ஆகப் பார்த்து மீறினேன். ஏழு கந்தலை வாங்கித் தைப்பதற்கு என்ன கேடு எனக்கு? அவள்தான் பாவியோ என்று இத்தனை நாள் சந்தேகமாக இருந்ததை நானே தெருத்தெருவாகப் போய் நிரூபித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பால் கேனை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்காரக்கூட இல்லை, போன் அடித்தது. அவள்தான். பின்னால் மிஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"ஏனுங்கக்கா, போனே பண்ணலீங்க? பேஞ்சுதுங்களா?"

வாசலில் வெயில் கண்ணைக் குத்தியது. தோப்பில் ஒரு மட்டை விழுந்த சத்தம்.

"பேஞ்சுது அம்முணி" என்றேன். "நல்ல மழ."

"உங்க சேலைக்குங்களா?"

"எஞ் சேலைக்குத்தான்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்ப நானில்லீங்களாக்கா?" என்றாள். "இத்தன வருசமா நாந்தானோ, நாந்தானோன்னே இருந்தனுங்கக்கா. அம்மா சாவும்போது நா பக்கத்துல இல்ல, அந்தாள உட்டுட்டு வந்தேன், ஏதோ ஒண்ணு எம்மேல இருக்குதுன்னே நெனச்சனுங்க. நானில்லீங்களா?"

"நீயில்ல அம்முணி. எப்பவுமே நீயில்ல."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு என்றாள். வீட்டைத் திறந்து கூட்டிப் பெருக்கி, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். மழை பெய்த ஊரைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறதாம். எத்தனை வருடமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை! காய்ந்து கிடந்த வாசலைப் பார்த்துக்கொண்டே, அவசர அவசரமாகச் சொன்னேன்.

"இப்ப வேண்டாம் அம்முணி. மழ பேஞ்சு தடமெல்லாம் ஒரே சேறாக் கெடக்குது."